மட்டிக்குத் தலை எண்ணுவது எப்படி?

சென்ற இதழில் முகத்துவாரங்களைப் பற்றி எழுதும்போது, போகிற போக்கில் 'மட்டி குறைந்துகொண்டே வருகிறது' என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. மற்ற கேள்விகள் அடுத்த மாதம். இந்த முறை முழுக்க மட்டிதான், அதாவது ஆற்று மண்ணுக்குள் கிடக்கிற அந்த இரண்டு ஓட்டுச் சிப்பிதான், பிடிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

'குறைகிறது' என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். மட்டி மண்ணுக்குள் கிடப்பது. அதை யார் போய் எண்ணினார்கள்? எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் குவித்து வைத்துத்தான் விற்கிறார்கள்.
– வாசகர், பழவேற்காடு

குத்துகிற கேள்விதான், ஆனால் நியாயமான கேள்வி. முதலில் அந்தக் குவியலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குவியல் பொய் சொல்லும். மட்டி எடுக்கிற பெண்கள் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையில் அலுமினியக் குண்டானை மிதக்க விட்டு, மார்பளவு தண்ணீரில் காலால் துழாவித் துழாவி எடுக்கிறார்கள் இல்லையா, அந்தக் குண்டான் நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டு மணி நேரத்தில் நிறைந்தது இப்போது ஐந்து மணி நேரம் இழுக்கிறது என்றால், விற்பனைக்கு வருவது அதே ஒரு குண்டான்தான், ஆற்றில் இருப்பதோ பாதிக்கும் குறைவு. வாங்குகிறவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. எடுக்கிறவரின் இடுப்புக்கும் முதுகுக்கும்தான் தெரியும்.

சரி, எண்ணுவது எப்படி? பெரிய கருவி எதுவும் இல்லை. பிளாஸ்டிக் குழாயிலோ இரும்புக் கம்பியிலோ அரை மீட்டருக்கு அரை மீட்டர் ஒரு சதுரச் சட்டம். நீர் வற்றியிருக்கிற நேரத்தில் சட்டத்தை மண்மேல் வைத்து, அதற்குள் இருக்கிற மண்ணை முக்கால் சாண் ஆழத்துக்கு வழித்தெடுத்து, சல்லடையில் போட்டு ஆற்றுத் தண்ணீரிலேயே அலச வேண்டும். மண் போய்விடும், மட்டி நிற்கும். எண்ணி நாலால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை என்று வந்துவிடும். சட்டத்துக்குள் 18 என்றால் சதுர மீட்டருக்கு 72.

கஷ்டம் எண்ணுவதில் இல்லை, சட்டத்தை எங்கே வைப்பது என்பதில்தான். மட்டி நிறைய இருக்கிற இடம் காலுக்கே தெரியும், கை தானாக அங்கேதான் போகும். அப்படி வைத்தால் ஆறு முழுக்க மட்டி என்று கணக்கு வரும். அதனால் கரையிலிருந்து நேராகக் கயிறு பிடித்து, பத்து மீட்டருக்கு ஒரு தடவை வைக்க வேண்டும். அங்கே வெறும் சேறுதான் என்று தெரிந்தாலும் வைத்தே ஆக வேண்டும், பூஜ்யம் என்று எழுதியே ஆக வேண்டும். பூஜ்யம் எழுத மனசு வராதவர்கள் இந்த வேலைக்கு லாயக்கில்லை.

அப்புறம்தான் முக்கியமான விஷயம். எண்ணிக்கை மட்டும் போதாது, ஒவ்வொன்றின் நீளத்தையும் அளக்க வேண்டும். அளந்து, இத்தனை மில்லிமீட்டரில் இத்தனை என்று பிரித்து வைத்தால் அது ஒரு பள்ளிக்கூட வருகைப் பதிவேடு மாதிரி. எல்.கே.ஜி.யிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லா வகுப்பிலும் பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூடம் நன்றாக நடக்கிறது என்று அர்த்தம். பன்னிரண்டில் கூட்டம், எல்.கே.ஜி. காலி என்றால்? இந்த வருஷம் தலை எண்ணிக்கை பிரமாதமாக இருக்கும், அடுத்த இரண்டு வருஷத்தில் பூட்டு. மட்டி முட்டையையும் விந்தையும் தண்ணீரிலேயே விடுகிறது. அங்கே கரு உண்டாகி, கண்ணுக்குத் தெரியாத குஞ்சு இரண்டு மூன்று வாரம் மிதந்து அலைந்துவிட்டுப் பிறகுதான் மண்ணில் இறங்குகிறது. பெரிய மட்டிகள் மிகவும் கலைந்து தூரத் தூரமாகக் கிடந்தால் முட்டையும் விந்தும் சந்திப்பதே கஷ்டம். ஆகவே 'இன்னும் கொஞ்சம் இருக்கிறதே' என்ற சமாதானம் இங்கே செல்லாது. நான் மட்டியைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னால் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: குஞ்சு இருக்கிறதா?

அதற்குச் சல்லடைக் கண் சின்னதாக இருக்க வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய கண் சல்லடையோடு போய், குஞ்சையெல்லாம் சேற்றோடு ஆற்றில் விட்டுவிட்டு, 'குஞ்சே இல்லை' என்று குறிப்பெழுதி அசடு வழிந்த ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். காலையில் கண்ணாடியில் பார்ப்பேன்.

கொல்லம் பக்கத்தில் அஷ்டமுடிக் காயலின் மட்டிக்கு உலக அளவில் சான்றிதழ் கிடைத்தது என்று படித்தேன். இப்போது அங்கேயும் மட்டி இல்லை என்கிறார்கள். சான்றிதழ் வாங்கியும் எப்படி?
– வாசகி, தென்காசி

நீங்கள் மலையைத் தாண்டினால் அந்தக் காயல்தான், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தியாவில் மட்டியைக் கண்காணித்த கதைகளில் இதைவிடப் பாடம் நிறைந்த இன்னொன்று எனக்குத் தெரியாது.

அஷ்டமுடி நீண்டகரையில் கடலோடு சேர்கிறது. மேலே கல்லடை ஆறு வந்து விழுகிறது. முகத்துவாரத்தை ஒட்டிய மணல் கலந்த தரையில் பாஃபியா மலபாரிகா என்கிற வகை மட்டி. மலையாளத்தில் பொதுவாகக் கக்கா, ஏற்றுமதிக்காரர்களுக்கு ஷார்ட் நெக் கிளாம். 1980-களின் தொடக்கத்தில் வெளிநாட்டில் கிராக்கி வந்தது, எடுக்க ஆரம்பித்தார்கள். 1991-இல் ஏறக்குறைய 10,000 டன். 1993-க்குள் அது பாதியாக விழுந்துவிட்டது.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் மட்டி எப்போது முட்டை விடுகிறது என்று பார்த்து வைத்திருந்தார்கள். அதை வைத்து டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எடுக்கத் தடை. வலைக் கண் 30 மில்லிமீட்டர், சின்னது விழுந்துவிட வேண்டும். இயந்திரம் வைத்து வாரக் கூடாது. இன்னொரு விதி ரொம்பக் கெட்டிக்காரத்தனமானது: இறைச்சி ஒரு கிலோவுக்கு 1400 எண்ணிக்கைக்கு மேல் போனால் ஏற்றுமதிக்கு ஆகாது. ஆற்றில் ஒவ்வொரு படகுக்கும் ஒரு காவலரை நிறுத்த முடியுமா? முடியாது. ஆனால் வாங்குகிறவர் எடைத்தட்டிலேயே சின்ன மட்டி மாட்டிக்கொள்ளும், விலை போகாததை யார் வாருவார்? விதி என்று போட்டால் இப்படிப் போட வேண்டும்.

இதையெல்லாம் பல வருஷம் கடைப்பிடித்த பிறகுதான், 2014 நவம்பரில் மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில் என்ற உலக அமைப்பின் சான்றிதழ் வந்தது. இந்தியாவில் அப்படிச் சான்று பெற்ற முதல் மீன்பிடிப்பு அதுதான். அதற்கு முன்பே 2009-இல் வியட்நாமில் பென் ட்ரே மாகாணத்து மட்டிக்கு அதே சான்று கிடைத்திருந்தது.

இப்போது உங்கள் கேள்வி. சான்றிதழ் சொல்வது என்ன? எடுக்கிற விதம் சரி, எடுக்கிற அளவு சரி, மேற்பார்வை இருக்கிறது, இவ்வளவுதான். தண்ணீருக்கு அது உத்தரவாதம் இல்லை. ஊர்க்காரர்கள் ஒழுங்காக இருந்தாலும், தண்ணீரின் உப்பு மாறலாம், சேறு வந்து மூடலாம், கழிவு வரலாம், கூப்பிடாத விருந்தாளி வரலாம். அஷ்டமுடிக்கு அந்த விருந்தாளி நிஜமாகவே வந்தது. தென் அமெரிக்க, மத்திய அமெரிக்கக் கரையோரத்துச் சின்ன ஆளி (மட்டிக்கு உறவான இன்னொரு இரண்டு ஓட்டுச் சிப்பி) ஒன்று. மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா என்று பெயர், ஊரில் வைத்த பெயர் 'வரத்தன் கக்கா', அதாவது வந்தேறி மட்டி. மண்மேல் நார் விட்டுப் பின்னிப் பாய் மாதிரி படர்ந்துவிடும், மண்ணுக்குள் இருக்கிற உள்ளூர் மட்டிக்கு மூச்சு விட வழியில்லை. 10,000 டன் எடுத்த காயலில் பிற்பாடு ஆயிரம் டன்னுக்கே தட்டுப்பாடு. திருவனந்தபுரம் பக்கத்து விழிஞ்ஞத்தில் பொரிக்க வைத்த குஞ்சுகளை லட்சக்கணக்கில் கொண்டுபோய்க் காயலில் விட்டிருக்கிறார்கள். அந்தக் குஞ்சுகள் நிலைத்ததா என்பதையும் சட்டமும் சல்லடையும்தான் சொல்ல வேண்டும், வேறு வழி கிடையாது.

ஆக, கண்காணிப்பு தோற்றது என்று நான் சொல்ல மாட்டேன். பழைய கணக்கு இருந்ததால்தான் விழுந்தது எவ்வளவு என்றாவது தெரிகிறது. நம் ஆறுகள் பலவற்றில் விழுந்ததே கணக்கில் இல்லை.

ஏன் முட்டாளை 'மட்டி' என்று திட்டுகிறோம்?
– வாசகர், கும்பகோணம்

அகராதியில் 'மட்டி'க்கு மூடன் என்றும் ஒரு பொருள் உண்டு. சிப்பிக்கும் அந்தச் சொல்லுக்கும் உறவு உண்டா என்று பண்டிதர்கள் அடித்துக்கொள்ளட்டும். உயிரியல்படி பார்த்தால் மட்டிக்குத் தலையே கிடையாது. மூளை என்று ஒன்றும் இல்லை, நரம்பு முடிச்சுகள் சில, அவ்வளவே. இதயம் உண்டு, ஒரு கால் உண்டு, வாய் உண்டு. இந்தப் பதிலுக்குத் தலைப்பு வைத்தபோது 'தலை எண்ணுவது' என்று எழுதியது தவறு என்று யாராவது கடிதம் போடுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

மழை வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் வெள்ளாற்றுக் கரையில் ஓடுகள் ஒதுங்கிக் கிடக்கின்றன. இது வருஷா வருஷம் நடப்பதா, அல்லது பயப்பட வேண்டியதா?
– வாசகர், பரங்கிப்பேட்டை

உங்கள் ஊரிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது, என்னைக் கேட்கிறீர்களே! இருந்தாலும் சொல்கிறேன்.

கடல் நீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு. வடகிழக்குப் பருவமழையில் ஆற்று வெள்ளம் வந்தால் முகத்துவாரத்தில் அது சில நாட்களுக்கு நல்ல தண்ணீர் போலவே ஆகிவிடும். மட்டி என்ன செய்யும்? இரண்டு ஓடுகளையும் இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடும். உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துபோனதும் ஆக்சிஜன் இல்லாமலேயே பிழைக்கிற வழிக்கு மாறும். அதில் அமிலம் சேரும், அந்த அமிலத்தை அடக்கத் தன் ஓட்டையே உள்பக்கம் கொஞ்சம் கரைத்துக்கொள்ளும். வீட்டுச் சுவரை இடித்து அடுப்பு எரிக்கிற நிலைமை. சில நாட்கள் தாங்கும். முகத்துவாரம் திறந்திருந்தால் ஓதம் ஏறும்போது உப்புத் தண்ணீர் உள்ளே வந்துவிடும், மூச்சு விடும். மணல் மேடிட்டு அடைத்திருந்தால் தண்ணீர் தேங்கி, மூடின ஓட்டுக்குள்ளேயே செத்துப்போகும்.

கரையில் ஒதுங்கின ஓட்டை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், அதில் பத்து வருஷத்துக்கு முந்தியதும் இருக்கும். பார்க்க வேண்டியது, இரண்டு ஓடும் கீலோடு ஒட்டியபடி, உள்ளே காலியாக, உள்பக்கம் பளபளப்பாக இருக்கிறவற்றை. அவை அண்மையில் செத்தவை. சட்டத்துக்குள் உயிரோடு எத்தனை, இப்படி ஒட்டின காலி ஓடு எத்தனை என்று இரண்டையும் எண்ணினால் சாவு எவ்வளவு என்று ஒரு மாதிரி தெரியும். அளவையும் பாருங்கள். பெரியதும் சின்னதும் கலந்து செத்திருந்தால் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். ஒரே அளவு மட்டும் என்றால் நோயா, இரையாக்கும் நத்தையா என்று சந்தேகப்பட வேண்டும்; ஓட்டில் துரப்பணம் போட்ட மாதிரி வட்டமான ஓட்டை இருந்தால் நத்தையேதான்.

மட்டி தண்ணீரைச் சுத்தம் செய்கிறது என்கிறீர்கள். அப்படியானால் அந்த அழுக்கெல்லாம் மட்டிக்குள் அல்லவா இருக்கும்? சாப்பிடலாமா கூடாதா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.
– வாசகி, கடலூர்

ஒரே வார்த்தையில் முடியாது அம்மா. எந்த ஆறு, எந்த மாதம் என்பதைப் பொறுத்தது.

ஒரு மட்டி ஒரு நாளில் பல லிட்டர் தண்ணீரை வடிகட்டுகிறது. நல்லதும் தங்கும், கெட்டதும் தங்கும். அதனால்தான் அமெரிக்காவில் எட்வர்ட் கோல்ட்பர்க் என்ற விஞ்ஞானி 1975-இல், தண்ணீரைச் சோதிப்பதைவிடச் சிப்பியைச் சோதிப்போம் என்று யோசனை சொன்னார். 1986-இலிருந்து அங்கே கரையோரம் முழுக்க அப்படி நடக்கிறது. தண்ணீர் மாதிரி எடுத்தால் அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் கணக்கு. மட்டி மாதக்கணக்கில் குடித்ததைக் காட்டிக்கொடுக்கும்.

மூன்று விதமான ஆபத்து. சாக்கடைக் கிருமி ஒன்று. ஐரோப்பாவில் 100 கிராம் சதையில் ஈ.கோலை 230-க்குள் இருந்தால்தான் அந்த நீர்ப்பகுதிக்கு முதல் தரம், அதற்கு மேல் என்றால் சுத்தமான நீரில் போட்டு வைத்தோ பதப்படுத்தியோதான் விற்கலாம். நன்றாக வேகவைத்தால் கிருமியில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். உலோகங்கள் இரண்டாவது, வேகவைத்தால் போகாது, அனல்மின் சாம்பலும் ஆலைக் கழிவும் கலக்கிற ஆற்று மட்டியை நான் சாப்பிட மாட்டேன்.

மூன்றாவதுதான் பயங்கரம். சில நுண்பாசிகள் திடீரென்று பெருகும்போது சாக்ஸிடாக்ஸின் என்ற நஞ்சு மட்டிக்குள் சேரும். மட்டிக்கு ஒன்றும் ஆகாது, பார்க்கவும் மோந்து பார்க்கவும் வித்தியாசம் இருக்காது, கொதிக்க வைத்தாலும் போகாது. 1981-இல் நம் தமிழ்நாட்டில் வாயலூரில் மட்டி சாப்பிட்டு 85 பேர் மருத்துவமனைக்குப் போய் 3 பேர் இறந்தார்கள். 1997-இல் விழிஞ்ஞத்தில் ஆளி சாப்பிட்டு 7 பேர் இறந்தார்கள். உதடு, நாக்கு மரத்துப்போவது முதல் அறிகுறி. உடனே மருத்துவமனை, ஏனென்றால் மாற்று மருந்து கிடையாது, மூச்சுக்கு உதவி கொடுத்துத்தான் காப்பாற்ற வேண்டும். 100 கிராமில் 80 மைக்ரோகிராம் என்பது பல நாடுகள் வைத்திருக்கிற எல்லை. தண்ணீர் நிறம் மாறியிருக்கிற நாட்களிலோ, மீன் செத்து மிதக்கிற நாட்களிலோ மட்டியைத் தொடாதீர்கள்.

காக்கா ஆழி பற்றி ஏன் ஒரு வார்த்தையும் எழுதவில்லை?
– வாசகர், எண்ணூர்

மேலே அஷ்டமுடிக்குச் சொன்னேனே, அதே வந்தேறிதான். கேரளத்தில் வரத்தன், உங்கள் கொசஸ்தலையாற்றில் காக்கா ஆழி. மஞ்சள் மட்டி இருந்த இடத்தில் படர்ந்துவிட்டது, இறால் புதைந்துகொள்ள மண் இல்லை, காலை வைத்தால் கிழிக்கிறது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எந்த ஆய்வகத்துக்கும் முன்னால் இதைச் சொன்னது ஆற்றில் இறங்குகிறவர்கள்தான். கப்பல்களின் அடிப்பாகத்தில் ஒட்டியோ, எடைக்காகக் கப்பலில் ஏற்றுகிற தண்ணீரிலோ வந்திருக்கும் என்று கருதுகிறார்கள். என் கருத்தைக் கேட்டால், பொக்லைன் விட்டு வாரி எடுப்பதற்கு முன்னால் எங்கே எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, அடியில் மஞ்சள் மட்டி உயிரோடு எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று படம் போட வேண்டும். வாருகிற இயந்திரத்துக்கு எது காக்கா, எது மட்டி என்று தெரியாது.

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை வைத்து மட்டிக் கணக்கெடுப்பு நடத்த ஆசை. என்னென்ன வேண்டும்?
– ஆசிரியை, தூத்துக்குடி மாவட்டம்

ஆசை நல்லது. சட்டம், மண்வெட்டி, இரண்டு மில்லிமீட்டர் கண் சல்லடை, நீளம் அளக்க ஒரு வெர்னியர் (பிளாஸ்டிக்கே போதும்), தண்ணீர் புகாத அட்டையில் பென்சில் குறிப்பு. முடிந்தால் உப்பு பார்க்க ஒரு ரிஃப்ராக்டோமீட்டர். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் போதும், பிள்ளைகளுக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். செருப்பில்லாமல் யாரையும் இறக்காதீர்கள், ஓதம் திரும்புகிற நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அளந்த மட்டியை எடுத்த இடத்திலேயே மண்ணில் வைத்துவிடச் சொல்லுங்கள், தூர எறிய விடாதீர்கள்.

அப்புறம், உங்கள் ஊரில் மட்டி எடுக்கிற ஒரு பெண்மணியைக் கட்டாயம் கூடக் கூட்டிப்போங்கள், சும்மா வேண்டாம், ஒரு நாள் கூலி கொடுத்து. காலால் தொட்டே உயிருள்ளதா வெறும் ஓடா என்று சொல்லிவிடுவார்கள். உடைத்துப் பார்த்து 'இது முட்டை விட்டுவிட்டது, தண்ணியாக இருக்கிறது' என்பார்கள். நாங்கள் அதையே வெந்த சதையின் எடை, ஓட்டின் எடை என்று தராசில் போட்டு விகிதம் கண்டுபிடித்து 'உடல்நிலைக் குறியீடு' என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒரு மாதத்தை அடுத்த மாதத்தோடு ஒப்பிட்டால் அதில் குழப்பம்தான் மிஞ்சும், முட்டை விட்டவுடன் எல்லா மட்டியும் இளைத்துத்தான் இருக்கும். இந்த ஜனவரியைப் போன ஜனவரியோடு வைத்துப் பாருங்கள். அதனால் ஒரு தடவை போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருவதாக இருந்தால் வேண்டாம். மூன்று வருஷம், அதே இடம், அதே கயிறு. முதல் அணி பள்ளி முடித்துப் போகும்போது அந்த நோட்டை அடுத்த ஒன்பதாம் வகுப்பிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

கிளிஞ்சல் சுண்ணாம்புக்காக ஓடு அள்ளுவதால் உயிருள்ள மட்டிக்குக் கெடுதலா?
– வாசகர், காரைக்குடி

கரையில் ஒதுங்கியதைப் பொறுக்கினால் பெரிய கெடுதல் இல்லை. ஆற்றடியைத் தோண்டி அள்ளினால் உண்டு: உயிருள்ளதும் சேர்ந்து வரும், சேறு கலங்கி மற்றதன் செவுளை அடைக்கும். செட்டிநாட்டு வீட்டுச் சுவரின் வழவழப்புக்கு யாரோ எங்கேயோ ஆற்றில் இறங்கித்தான் இருக்கிறார்கள்.

மட்டியில் மண் கடிக்காமல் இருக்க என்ன வழி?
– வாசகி, நாகப்பட்டினம்

கடைசியில் ஒரு நல்ல கேள்வி. ஆற்றுத் தண்ணீரோ, அதே அளவு உப்புக் கரைத்த தண்ணீரோ ஊற்றி, இருட்டான இடத்தில் நாலைந்து மணி நேரம் வையுங்கள், வாய் திறந்து மண்ணைத் துப்பிவிடும். வெறும் குழாய்த் தண்ணீரில் போட்டால் வாயை மூடிக்கொள்ளும், மண் உள்ளேயே இருக்கும். தட்டினாலும் மூடாமல் திறந்தே கிடப்பது செத்தது, அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.